முகத்தில் கதவு வைத்த கார்

எங்கள் துறையில் இப்போதெல்லாம் வண்டியை ஆள் பார்ப்பது குறைந்துகொண்டே வருகிறது. வண்டி ஒரு மேடையில் ஏறுகிறது, அடியில் உருளை சுற்றுகிறது, பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று திரையில் எண் வருகிறது. பாஸா, ஃபெயிலா என்று மெஷினே சொல்லிவிடுகிறது. போன மாதம் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த இன்ஸ்பெக்டர்கள் நாலைந்து பேரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தேன். "மேடம், உங்க சர்வீஸ்லயே உங்களைத் தூக்கிவாரிப் போட வச்ச வண்டி எது?" என்று ஒருத்தி கேட்டாள். ஏதாவது கவிழ்ந்த பஸ் கதை வரும் என்று நினைத்திருப்பாள். நான் சொன்னது, என் நெஞ்சு உயரம்கூட வராத ஒரு காரைப் பற்றி. சொல்லி முடிப்பதற்குள் எல்லோருக்கும் கை காய்ந்துவிட்டது, பாயசக்காரர் இரண்டு முறை வந்து திரும்பிப் போய்விட்டார்.

நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்படிச் சொன்னால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் புரியாது, பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் புரியும். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ, ஒர்க்‌ஷாப்பில் கொஞ்ச நாள் கிரீஸ், அப்புறம் தேர்வு, அப்புறம் வேலை. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. முதல் நாள் லாரி கொண்டுவந்த ஒருவர் என்னைப் பார்த்து, "இன்ஸ்பெக்டர் எப்பம்மா வருவாரு?" என்று கேட்டார். "வந்தாச்சு. வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்கணுமாம், தள்ளி நில்லுங்க" என்றேன். அன்றைக்கு அதிர்ந்து போனவர் அவர். அதற்கப்புறம் அதிர்ச்சி எல்லாம் என் பங்குக்குத்தான் வந்தது.

அதிலும் இந்தப் பழைய சின்னக் கார்கள் இருக்கிறதே, என்னை ஒரு வழி பண்ணிவிட்டன. லாரி, பஸ் எல்லாம் எங்கே கடிக்கும் என்று தெரிந்த மிருகங்கள். பழைய கார் அப்படி இல்லை. டெல்டாவில் அவை எங்கே கிடக்கும் என்றால், நெல் குடோனில். தாத்தா வாங்கியிருப்பார், அப்பா மூடி வைத்திருப்பார், பேரன் துபாயிலிருந்து வந்து தூசி தட்டி, ஆர்.சி.யைப் புதுப்பிக்க எங்களிடம் கொண்டுவருவான். திருவாரூர்ப் பக்கம் ஒரு பேபி ஆஸ்டின் அப்படித்தான் வந்தது. தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி அழகான வண்டி. உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கிறேன், டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு சாரைப்பாம்பு என் கால்மேல் ஊர்ந்து வெளியே போகிறது. குடோனில் எலி இருந்தால் பாம்பும் இருக்கும், அது அதன் வீடு. நான் இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கிக்கொண்டேன். வண்டிக்காரர் மட்டும் நிதானமாக, "அது ஒண்ணும் செய்யாது மேடம், பிரேக்கு எப்படி இருக்கு?" என்றார். சீர்காழியில் ஒரு டாக்டர் வீட்டில் மூன்று சக்கர ஃபைபர் கார் ஒன்று இருந்தது. எழுபதுகளில் நம் நாட்டிலேயே செய்து பார்த்து, ஓடாமல் போன வகை. கதவைத் திறந்தேன், கதவு முழுசாக என் கையோடு வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நான் ரோட்டில் நின்ற கோலத்தை டாக்டரின் மனைவி ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.

இதெல்லாம் சிரிக்கிற அதிர்ச்சி. கீழ்வேளூர் கார் அப்படி இல்லை.

அப்போது எங்களுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலராக இருந்தவர் தண்டபாணி சார். இன்ஸ்பெக்டராக இருந்து மேலே போனவர், அதனால் பெரிய நாற்காலி கிடைத்த பிறகும் வண்டி சோதிக்கிற மைதானத்துக்கு வருவதை விடவில்லை. யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் குரல் தணியத் தணியத்தான் எங்களுக்கு உதறல் எடுக்கும். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் ஷூவைக் கழற்றுவார். சாக்ஸை மடித்து ஷூவுக்குள் வைப்பார். வெறுங்காலால்தான் பிரேக்கை மிதிப்பார். "ஷூ போட்டுட்டு மிதிச்சா பெடல் என்ன சொல்லுதுன்னு தெரியாதும்மா" என்பார். அப்புறம் ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தானே திறந்து இறங்குவார். வேனாக இருந்தால் பின்கதவு வழியாகவும் இறங்குவார். எந்தக் கதவாவது மக்கர் பண்ணினால் ஒரு வார்த்தை பேசாமல் சாக்ஸைப் போட ஆரம்பித்துவிடுவார். வண்டி ஃபெயில் என்று அர்த்தம். கெஞ்சினாலும் எடுபடாது, சிபாரிசு வந்தாலும் எடுபடாது.

ஒரு நாள் மினி லாரியில் ஒரு வண்டி வந்து இறங்கியது. சுற்றி வந்தேன். இன்னொரு தடவை சுற்றி வந்தேன். நீல நிறத்தில் உருண்டையாக, சுற்றிலும் கண்ணாடி. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்றே ஒன்று. எல்லாம் சரி, இரண்டு பக்கமும் கதவே இல்லை.

"கதவு எங்க பாய்?" என்றேன்.

கொண்டுவந்தவர் ஹமீது. கீழ்வேளூரில் ரைஸ்மில் வைத்திருப்பவர். வண்டிக்கு முன்னால் போய், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருந்த கைப்பிடியைத் திருகி இழுத்தார். காரின் முகம் அப்படியே ஒரு பக்கமாகத் திறந்துகொண்டது. கூடவே ஸ்டீயரிங்கும் ஒதுங்கிப் போனது. நான் ஒரு அடி பின்னால் போய்விட்டேன். எல்.எல்.ஆர். எடுக்க வந்த கூட்டம் முழுக்க எங்களைச் சுற்றி நின்றது.

ஹமீது சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து அதன் கதையைச் சொல்கிறேன். வண்டிக்கு இசெட்டா என்று பேர். யுத்தம் முடிந்து ஐரோப்பாவில் பணமும் இல்லை, பெட்ரோலும் இல்லை என்று இருந்த காலத்தில், இத்தாலியில் ஃபிரிட்ஜ் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி இதைச் செய்தது. ஃபிரிட்ஜ் செய்த கை, கதவை வேறு எங்கே வைக்கும்? மோட்டார் சைக்கிளில் இருப்பது போல ஒற்றை சிலிண்டர் எஞ்சின். சூயஸ் கால்வாய் அடைபட்டு பெட்ரோலுக்குத் திண்டாட்டம் வந்தபோது அந்தப் பக்கத்து ஜனங்கள் ஆசையாக வாங்கினார்கள், நாலு பேர் உட்காருகிற கார் மலிவாக வந்ததும் கைவிட்டுவிட்டார்கள். இங்கிலாந்தில் மூன்று சக்கரமாக வைத்து விற்றார்கள், மோட்டார் சைக்கிள் லைசென்ஸே போதும் என்பதற்காக. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. ரிவர்ஸ் கியர் இருக்கக் கூடாது. அதனால் ரிவர்ஸை அடைத்தே விற்றார்கள். ஹமீதின் அத்தா, அதாவது அப்பா, மலேயாவில் பினாங்கில் கடை வைத்திருந்தார். எஸ்டேட் வேலையை விட்டு சீமைக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் இதை வாங்கினார். ஊருக்கு வரும்போது கப்பலிலேயே கொண்டுவந்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் கடலுக்குள்ளேயே நிற்கும், சாமானைப் படகில்தான் இறக்குவார்கள். கப்பலிலிருந்து முட்டை இறங்குகிறது என்று கரையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்களாம்.

"என்னது, ரிவர்ஸ் இல்லையா?" என்று நான் கேட்டது மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"இல்ல மேடம். இறங்கிப் பின்னால தள்ளிக்க வேண்டியதுதான். சின்ன வண்டிதானே."

அதற்குள் இன்னொரு கார் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெரியவரை இரண்டு ஆட்கள் அக்குளில் கை கொடுத்து, காலைத் தூக்கி, மூட்டை இறக்குவது போல வெளியே எடுத்தார்கள். எடுக்கும்போது அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு முழங்காலும் உட்காருகிற அளவுக்கு மேல் மடங்காது. அவர்தான் ஹமீதின் அத்தா, ஊரில் எல்லோருக்கும் பெரிய பாய். தடியை ஊன்றி நேராகத் தன் காரிடம் வந்தார். திறந்திருந்த முகத்துக்குள் நின்றபடியே நுழைந்தார், திரும்பினார், உட்கார்ந்தார். அவ்வளவுதான். குனியவில்லை, காலைத் தூக்கவில்லை, வீட்டு நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தீங்களாம்மா, ஒருத்தரும் என்னைத் தொடல" என்றார். "வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நானே போயிட்டு வரணும். அதுக்குத்தான் இத்தனை பாடு."

அவருடைய லைசென்ஸ் சரியாக இருந்தது. லைட், ஹாரன், பிரேக் எல்லாம் சரியாக இருந்தன. சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தோம், அதுவும் பொருந்தியது. தண்டபாணி சார் ஷூவைக் கழற்றி உள்ளே உட்கார்ந்தார். வெகுநேரம் இறங்கவில்லை. மேலே கையை நீட்டிக் கூரையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இது தகரமா பாய்?"

"ஆமாங்க சார். முன்னாடி படுதாதான் இருந்துச்சு, பின்னால சுருட்டி விடற மாதிரி. ஐப்பசி மழையில ஒழுகித் தள்ளிருச்சு. நாந்தான் தகரம் வச்சு வெல்டு பண்ணிட்டேன். ஜாயிண்டே தெரியாது பாருங்க."

உண்மையிலேயே தெரியவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. மகனுக்கு அதில் எவ்வளவு பெருமை என்பது முகத்தில் தெரிந்தது. சார் இறங்கி வந்து சாக்ஸை எடுத்தார்.

"வெயிலுக்காக வச்ச படுதா இல்ல பாய் அது. முன்கதவு மாட்டிக்கிச்சுன்னா வெளிய வர்ற வழி. இருந்த ஒரு வழியையும் நீங்க பத்த வச்சு மூடிட்டீங்க. தொறந்துட்டுக் கொண்டு வாங்க."

ஹமீதுக்கு முகம் சுண்டிவிட்டது. பெரிய பாய் அதிர்ந்ததாகத் தெரியவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஹமீது ஃபோன் பண்ணினார். எவ்வளவு பெரிசாக வெட்டுவது, பெயிண்ட் போய்விடுமே, ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். "போய் அளவு சொல்லிட்டு வாம்மா, ஒரு ஆள் உடம்பு வர்ற மாதிரி இருக்கணும்" என்று சாரும் அனுப்பினார். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்தது. மில்லுக்குள் நுழைந்தால் களம் முழுக்க அவித்த நெல் பரப்பியிருந்தது. பெண்கள் காலால் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். களத்தின் ஓரமாக அந்த நீல முட்டை டுபுடுபுவென்று போய்க்கொண்டிருந்தது.

"உள்ளதான் மேடம் ஓட்டுறாரு" என்றார் ஹமீது அவசரமாக. "கை விட்டுப் போயிடக் கூடாதாம். ரோட்டுக்கு வர்றதில்ல."

நான் பதில் சொல்வதற்குள் பாக்கியம் என்கிற அம்மா நெல்லைக் கிண்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்து ஓரத்துக்கு வந்துவிட்டார். பெரிய பாய் ஸ்டீயரிங்கை ஒடித்தார். பாக்கியம் தப்பித்தார். கார் நேராகப் போய் பாய்லர் பக்கத்துச் சாம்பல் மேட்டில் மூக்கைச் சொருகிக்கொண்டது.

ரைஸ்மில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்த மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நெல் அவிக்க உமியைத்தான் எரிப்பார்கள். சாம்பலை அள்ளி வெளியே கொட்டுவார்கள். மேலே பார்த்தால் ஆறிப்போன சாம்பல், உள்ளே நாள் கணக்காகக் கங்கு இருக்கும். தெரியாமல் கால் வைத்தவர்கள் முழங்கால் வரை வெந்து ஆஸ்பத்திரிக்குப் போன கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அதில்தான் காரின் முகம் புதைந்து கிடந்தது. கதவு இருந்தது அந்த முகத்தில்தான். ரிவர்ஸ் கிடையாது. கூரை வெல்டிங். பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால்.

இத்தனை வருடம் விபத்து நடந்து முடிந்த பிறகுதான் போய்ப் பார்த்திருக்கிறேன். கண்ணெதிரே நடந்தது அன்றைக்குத்தான். உள்ளே பெரிய பாய் கதவைத் தள்ளுகிறார், அது நகரவில்லை. பக்கத்துக் கண்ணாடி கை நுழைகிற அளவுக்குத்தான் தள்ளும். அந்தக் கையை வெளியே நீட்டிச் சத்தம் போடாமல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தா, எஞ்சினை அணைங்க" என்று கத்திக்கொண்டே ஹமீது ஓடினார். ஓடினவர் பின்னால் போய் இழுக்கவில்லை. கார்மேல் ஏறி, தான் வைத்த தகரத்தை வெறும் கையால் பிறாண்ட ஆரம்பித்துவிட்டார். பிடிக்க ஒரு விளிம்புகூட இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை. விரலில் ரத்தம் வந்து நீலப் பெயிண்டில் இழுபட்டதை நான் பார்த்தேன். "அத்தா, அத்தா" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

பாக்கியந்தான் நெல் ஊறவைக்கிற தொட்டியில் சாக்குகளை முக்கி எடுத்து வந்தார். "ஹமீது தம்பி, எறங்குங்க, நீங்க ஏறி நின்னா வண்டி இன்னும் பொதையும்" என்று அதட்டினார். ஈரச் சாக்கைப் பெண்கள் சாம்பல்மேல் விரித்தார்கள், ஆவி குப்பென்று கிளம்பியது. சாக்கின்மேல் நின்று, பின் பம்பரை ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். நானும்தான், யூனிஃபார்மோடு. சின்ன வண்டி என்று ஹமீது அன்றைக்குச் சொன்னாரே, அந்தச் சின்னதுதான் காப்பாற்றியது. தூக்கி இழுத்தோம், உருவிக்கொண்டு வந்துவிட்டது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக வெடித்திருந்தது. கைப்பிடியைச் சாக்கைச் சுற்றித் திருகிக் கதவைத் திறந்தோம்.

பெரிய பாய் தடியை ஊன்றித் தானே இறங்கி வந்தார். செருப்பின் அடி இளகி ஃப்ளோரில் ஒட்டிக்கொண்டது. "பாக்கியத்துக்கு ஒண்ணும் ஆகலயே?" என்றார். அப்படியே நின்று மகனின் கையைப் பிடித்து, விரல்களைப் பார்த்தார். ஹமீது களத்திலேயே உட்கார்ந்து அழுதார். அப்புறம் சாக்பீஸ் கேட்டு வாங்கி, என் தோள் அகலத்துக்குக் கூரையில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கூரையை வெட்டி, படுதா தைத்து, சுற்றிலும் ரப்பர் வைத்து, மறுபடி பெயிண்ட் அடித்து ஹமீது வண்டியைக் கொண்டுவந்தார். பெரிய பாயும் வந்தார். தண்டபாணி சார் ஷூவைக் கழற்றினார். ஓட்டினார், மிதித்தார், திருப்பினார். பிறகு படுதாவைப் பின்னால் தள்ளிவிட்டு, சீட்டில் ஏறி நின்று, தொப்பையோடு கூரை வழியாக வெளியே வந்து தரையில் குதித்தார். கூட்டம் கை தட்டியது. அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம், அன்றைக்குச் சிரித்தார். "எழுதிடும்மா, பாஸ்" என்றார். ஹமீது அத்தாவைப் பார்த்தார். மில்லில் அழுத மனுஷன், இப்போதுதான் மூச்சு விடுவது போல இருந்தது.

"சார், கொஞ்சம் இருங்க" என்றார் பெரிய பாய். "ஓட்டப் போறவன் நாந்தான். நானும் வந்து காட்டிடுறேன்."

"அதெல்லாம் சட்டத்துல இல்ல பெரிய பாய். வண்டி சரியா இருக்கு, போதும்."

"உங்களுக்குப் போதும். நான் பாக்கணும்ல."

காரில் போய் உட்கார்ந்தார். முகத்தைச் சாத்திக்கொண்டார். "ஹமீது, செவத்துல முட்டி நிப்பாட்டு" என்றார். ஹமீது என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன். சார் தலையசைத்தார். மெல்லத் தள்ளிக் காம்பவுண்டுச் சுவரில் மூக்கு முட்ட நிறுத்தினோம். இனி கதவு திறக்காது. மேலே படுதா திறந்து கிடந்தது, வானம் தெரிந்தது.

அவர் இரண்டு கையாலும் கூரை விளிம்பைப் பிடித்தார். உடம்பை மேலே இழுத்தார். தலை வெளியே வந்தது, தொப்பி வந்தது. கால் மடங்கினால்தானே சீட்டில் ஏற முடியும்? மடங்கவில்லை. மறுபடி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் கை கொடுக்கப் போனேன், "தொடாதீங்கம்மா" என்றார். இன்னொரு தடவை. அப்புறம் மெதுவாக உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டார். ஹமீது சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா பெரிய பாய்?" என்று தண்டபாணி சார் கேட்டார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

"கூரை எதுக்குன்னு, வித்த தொரை அன்னைக்கே சொன்னாரு சார். இவன் அடைச்சப்ப நான் ஒண்ணும் சொல்லல. தொறந்திருந்தாலும் இந்தக் காலை வச்சுக்கிட்டு என்னால வர முடியாதுன்னு எனக்குத் தெரியும். சொன்னா ஓட்ட விடமாட்டீங்க. அதான் சொல்லல. அன்னைக்கி இவன் கையைப் பாத்ததுலேர்ந்து தூக்கம் வரல சார்."

பேனா கையில் இருக்கிறது, எழுத வேண்டிய இடமும் தெரிகிறது, எதை எழுதுவது என்று தெரியவில்லை. பெரிய பாய் சாவியை உருவி, பக்கத்துக் கண்ணாடிச் சந்து வழியாகக் கையை வெளியே நீட்டினார்.

"எழுதுங்கம்மா. வண்டி பாஸுதான். நாந்தான் ஃபெயிலு."

மகனிடம் நீட்டவில்லை, சாரிடம் நீட்டவில்லை. என்னிடம்தான் நீட்டினார். அதை வாங்க எனக்குக் கை வரவில்லை.